பின்முற்றத்துச் சுவரில் ஒரு பன்னம்

ஜேர்மனியின் ஹம் நகரில் எங்கள் வாடகை வீட்டுப் பின்முற்றத்துச் சுவரைப் பார்த்ததும் எனக்குத் தலை விறைத்துப்போனது. பச்சை என்று ஒரு பொட்டுக்கூட இல்லை. செங்கல் இடுக்கெல்லாம் புதுச் சீமெந்து. அப்பா வாளியைக் கழுவிக்கொண்டு நின்றார்.

"அப்பா! என்ன செய்தனீங்கள்?"

"இண்டைக்குப் பேராசிரியர் வாறார் எண்டு சொன்னனி. சுவர் முழுக்கப் புல்லும் பூண்டுமாக் கிடந்தா மனிசன் என்ன நினைப்பார்? அதுதான் துப்புரவாக்கினன்."

துப்புரவாம், துப்புரவு! அந்த மனிசன் வருவதே அந்தச் சுவரைப் பார்க்கத்தான்.

இரண்டாயிரத்துகளின் நடுப்பகுதி அது. நான் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் கடைசி ஆண்டு. பன்னம் என்கிற பெரணிச் செடிகளில் அஸ்பிளேனியம் என்ற பேரினம்தான் என் ஆய்வு. பன்னத்துக்குப் பூவுமில்லை, விதையுமில்லை; இலையின் முதுகில் இருக்கும் வித்தித்தூளால்தான் பெருகும். இந்த ஒரு பேரினத்துக்குள் ஏறத்தாழ எழுநூறு இனங்கள். அம்மா வரவேற்பறையில் ஈரத்துணியால் துடைத்துவைக்கும், வாழைக்கன்று மாதிரி இலைவிட்ட சாடிச்செடியும் அஸ்பிளேனியம். சுவரிடுக்கில் சுண்டுவிரலளவில் நிற்பதும் அஸ்பிளேனியம். முதலில் படித்தபோது நானே நம்பவில்லை. இலையைத் திருப்பிப் பார்த்தால் இரண்டிலும் வித்தித்தூள் அதே சாய்ந்த கோடுகளாக.

எங்கள் சுவரில் இரண்டு இனங்கள் நின்றன. நடுவில், இரண்டின் சாயலோடும் ஒரேயொரு செடி. அதன் இலையொன்றை நுணுக்குக்காட்டியில் வைத்தேன். வித்தியெல்லாம் சூம்பல். கலப்புப் பிள்ளை, கோவேறு கழுதை மாதிரி, வாரிசில்லாதது. குரோமோசோமை எண்ணினால்தான் உறுதி, அதற்கு உயிர்ச்செடி வேண்டும். தொடவேண்டாம், நானே வந்து எடுக்கிறேன் என்றிருந்தார் பேராசிரியர். என் பட்டமே அதில் தொங்கிக்கொண்டிருந்தது.

"வேர் எங்கை அப்பா?"

"சும்மா விட்டா வீட்டைப் பிளந்துபோடும். ஊரிலை எங்கடை கிணத்துக்கட்டை ஒரு ஆலங்கண்டுதானே பிளந்தது? வேரோடை கிண்டி, சுடுதண்ணி ஊத்திப்போட்டுத்தான் பூசினன். புடுங்கினதைக் குப்பை லொறி கொண்டுபோட்டுது."

நான் படியில் குந்திவிட்டேன். அழுகைகூட வரவில்லை. என்னைப் பார்த்து அப்பாவின் முகம் மாறியது.

"எழுநூறு வகை கிடக்கெண்டு நீதானே சொன்னனி? ஒண்டு போனா என்ன, வேறையொண்டு பாப்பம் பிள்ளை."

"அந்த எழுநூறிலையும் இது இல்லை அப்பா. இது ஒண்டே ஒண்டுதான் நிண்டது."

அப்பா வாளியைக் கீழே வைத்தார். ஈரம் காயாத சீமெந்தை விரல்நகத்தால் சுரண்டத் தொடங்கினார். வாசல் மணி அடித்தது.