ஒழுகிய ரிவிட்

லிஃப்ட் மெக்கானிக்குக் கால் ஓரிடத்தில் தரிக்காது. ஓய்வு பெற்றதும் பழைய அலுமினியப் படகு ஒன்றை வாங்கினார். ஒரு நாளாவது அவர் தன் பக்கத்தில் அசையாமல் உட்கார வேண்டும் என்பது மனைவியின் ஆசை.

படகைக் கட்டைகளில் ஏற்றி உள்ளே தண்ணீர் நிரப்பினார். தகடுகளைப் பிணைக்கும் ரிவிட்டுகளில் வெளியே சொட்டிய எட்டையும் சுற்றி சாக்பீஸால் வட்டமிட்டார். தண்ணீரை வடித்து, மனைவி உள்ளே இரும்புக்கட்டியை அழுத்திப் பிடிக்க, வெளியிலிருந்து அடித்து இறுக்கினார். மறுபடி நிரப்பினால், அடித்த அதிர்வில் பக்கத்து ரிவிட் ஒழுகியது. அதை அடித்தால் இன்னொன்று. மூன்று வாரம் இப்படியே போயிற்று.

"சுத்தியலைக் கீழ வைங்க. படகு சல்லடையாயிடும்."

"ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி."

"அது ஒழுகட்டும். மொண்டு ஊத்த ஒரு குவளை எடுத்துக்கலாம்."

ஏரி நடுவில் அவள் தூண்டில் பிடித்திருந்தாள். அவர் படகுக்குள் கசிந்த தண்ணீரைக் குவளையால் மொண்டு வெளியே ஊற்றிக்கொண்டே இருந்தார்.

"இந்தச் சத்தத்துல மீன் எப்படிங்க வரும்?"

"நிறுத்தினா முழுகிடுவோம்டி."

"உள்ளங்கால்கூட நனையலை."

அவர் காதில் விழவில்லை. எழுந்து போக இடமில்லாததால், அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து மொண்டார்.