ஆடாமல் ஒரு படம்

எங்கள் வீட்டு ஹாலில், டிவிக்கு மேலே ஓர் ஆணி வெறுமனே இருக்கிறது. அதில் காலண்டர் மாட்டக்கூட என் மனைவி விட்டதில்லை. "ஒரு படமாவது ஆடாம எடுங்க. எடுத்து அதுல மாட்டுங்க. அதுவரைக்கும் சும்மா கெடக்கட்டும்" என்பாள்.

எனக்கு இருந்த ஒரே கிறுக்கு, செல்போனில் தண்ணீரைப் படம் எடுப்பது. ஷட்டரைச் சில விநாடி திறந்தே வைத்தால் ஓடுகிற தண்ணீர் பாலாடை மாதிரி படிந்துவிடும். பாறையும் மலையும் உள்ளபடி நிற்கும். போன் மட்டும் இம்மியும் அசையக் கூடாது. அதற்கென்று ஸ்டாண்டு விற்கிறார்கள். தோள் இருக்கும்போது ஸ்டாண்டு எதற்கு என்று நான் வாங்கவில்லை. தோள் அவளுடையது.

மில்லில் ஷிப்டு முடிந்து வந்ததும் அவளை பைக்கில் ஏற்றிக்கொண்டு அய்யனார் கோயில் ஆற்றுக்குப் போவேன். சில ஞாயிறுகளில் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் செண்பகத்தோப்புக்கு. வெயில் இறங்கியதும் அவள் பாறையில் உட்காருவாள். நான் பின்னால் மண்டியிட்டு, போனை அவள் வலது தோளில் வைத்து அழுத்திப் பிடிப்பேன்.

"ஏட்டி, மூச்ச அடக்கு."

அடக்குவாள். ஷட்டர் மூடியதும், "ம், விடு" என்பேன். அவள் விடுகிற மூச்சு அக்கரைக்குக் கேட்கும். பெரும்பாலும் அதுவரை தாங்க மாட்டாள், பாதியிலேயே சிரித்துவிடுவாள். படத்தில் ஒரு மலை ரெண்டு மலையாக இருக்கும். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும்.

"தண்ணியப் பால்கோவாவாக் கிண்டிட்டீங்க, அது போதாதாக்கும்? மலையும் வேணுமோ?" என்று இன்னும் சிரிப்பாள்.

நெஞ்சில் என்னமோ கோளாறு என்று ஸ்கேனுக்குப் போனபோது, உள்ளே மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னார்களாம். வெளியே வந்தவள் முகத்தில் பயமே இல்லை. "ஒங்களை மாதிரியேதான் சொல்லுதாங்க. ஆனா அவியளுக்கு மெசின் இருக்கு. ஒங்களுக்கு நாந்தான" என்றாள். ரெண்டு பேரும் சிரித்தோம். ரிசல்ட் மறுநாள்தான் வந்தது.

அதற்குப் பிறகு ஒரு தடவை அவளே ஆற்றுக்குக் கூட்டிப்போகச் சொன்னாள். அதே பாறையில் கைத்தாங்கலாக உட்காரவைத்தேன். அவள் மூச்சுக்குத் தோள் ஏறி ஏறி இறங்கியது, கூடவே போனும். அடக்கு என்று நான் சொல்லவில்லை. "நல்லா விடுட்டி, ஒண்ணும் அவசரமில்ல" என்றேன். படத்தில் மலையும் இல்லை, ஆறும் இல்லை, எல்லாம் ஒரே மசமசப்பு. அதைப் பார்த்து நான் கோபப்படவில்லை என்பதில்தான் அவளுக்கு எல்லாம் விளங்கியிருக்க வேண்டும். வழியெல்லாம் என் முதுகில் தலையைச் சாய்த்தே வந்தாள்.

மழைக்காலத்துக்குள் போய்விட்டாள்.

போன மாதம் கோயம்புத்தூரிலிருந்து மகள் வந்திருந்தாள். கையில் ஒரு ஸ்டாண்டு. "அம்மா ஆசைப்பட்ட படத்த எடுத்துருவோம்ப்பா. ஆணி சும்மாவே கெடக்கு" என்றாள். எனக்கு மனசே இல்லை. அதைப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? போனேன்.

அதே பாறையில் மகள் ஸ்டாண்டை விரித்து, போனை அதில் மாட்டினாள். டைமரைத் தொட்டுவிட்டுத் தள்ளி நின்றேன். கைக்கு வேலையே இல்லை. எங்கே வைப்பது என்று தெரியாமல் கட்டிக்கொண்டேன். ஷட்டர் மூடியதும் என் வாய் தானாக, "ம், விடு" என்றது.

மகள் திரும்பிப் பார்த்தாள். "என்னப்பா சொன்னீங்க?"

"படத்தப் பாரு" என்றேன். போனைக் கழற்றிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். தண்ணீர் பாலாக இருந்தது. மலை ஒரே மலையாக இருந்தது.

"ஆடவே இல்லப்பா!" என்றாள் சந்தோஷமாக.

அவள் அம்மா உட்காருகிற இடத்தில் ஸ்டாண்டு நின்றுகொண்டிருந்தது. நான் அதன் பக்கத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.