வெள்ளிக்கிழமைக் கட்டை

நான் ஆறாம் வகுப்பு படித்த பள்ளியில் பிள்ளைகள் எல்லோரும் ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்டுக்கொண்டே இருந்தோம். எல்லாம் ஒரு கட்டையால் வந்தது. உள்ளங்கை அகலத்தில் பலகைத் துண்டு, அதில் ஒரு கயிறு, மேலே 'நான் தமிழ் பேசினேன்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். தமிழ் பேசி மாட்டிக்கொண்டவர் அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, அடுத்தவர் பேச்சை ஒட்டுக்கேட்டு, கையும் களவுமாகப் பிடித்து, அவர் கழுத்துக்கு அதை மாற்றிவிட வேண்டும். வெள்ளிக்கிழமை கடைசி மணி அடிக்கும்போது யாரிடம் இருக்கிறதோ, அவர் திங்கட்கிழமை பிரேயரில் கொடிக்கம்பத்தடியில் அதோடு நிற்க வேண்டும். தான் படித்த கான்வென்ட்டில் துரைமார் காலத்திலிருந்தே இருந்த வழக்கம் இது என்றும், வளாகத்துக்குள் யார் தமிழ் பேசினாலும் கட்டை உண்டு என்றும் தாளாளர் பெற்றோர் கூட்டத்தில் சொன்னார். ஆலங்குடிப் பக்கம் தென்னந்தோப்புகளுக்கு நடுவே கிடந்த எங்கள் பள்ளிக்கு அப்படியொரு பரம்பரை கிடைத்ததில் பெற்றோருக்கும் பெருமைதான்.

அந்த வருடம் ஒரு புது இங்கிலீஷ் டீச்சர் வந்தார். நல்ல கறுப்பு. எண்ணெய் வைத்து இறுக்கப் பின்னிய சடை, பருத்திச் சேலை. வேன் நிற்கும் இடத்தில் அவரைப் பார்த்ததுமே அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது.

"பாத்தா இங்கிலீஷ் டீச்சர் மாதிரியே தெரியலையே. ஒழுங்கா சொல்லித் தருதான்னு கவனிச்சு வந்து எங்கிட்ட சொல்லு" என்றாள்.

அம்மாவும் நானும் அந்த டீச்சரின் நிறம்தான். ஒரு பிடி கூடவே இருக்கும். அது பேச்சில் வரவில்லை.

நான் கவனித்தேன். டீச்சர் தங்குதடையில்லாமல் இங்கிலீஷ் பேசினார். வீட்டில் மனப்பாடம் செய்துகொண்டு வருகிறார் என்று நினைத்தேன். புத்தகத்தில் இல்லாத கேள்வி ஒன்றைக் கேட்டுப் பார்த்தேன், அதற்கும் பதில் வந்தது. அப்படியானால் இவர் சாமானியப்பட்டவர் இல்லை என்று சந்தேகம் இன்னும் கூடிப்போனது. அம்மாவிடம் "இன்னும் மாட்டலைம்மா" என்று சொல்லிவைத்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் என் சாப்பாட்டு டப்பா கவிழ்ந்தது. "ஆத்தாடி" என்று வாய் தவறி வந்துவிட்டது. காலையிலிருந்து கட்டையோடு திரிந்த பக்கத்து பெஞ்சுக்காரி அதை என் கழுத்தில் மாட்டிவிட்டு, தன் சாம்பார் சாதத்தை நிம்மதியாகச் சாப்பிட்டாள். மற்ற நாளெல்லாம் வேன் என்றாலும், திங்கட்கிழமை மட்டும் அப்பா பைக்கில் கொண்டுவந்து விட்டு, பிரேயர் முடியும்வரை கேட்டுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போவார். அவர் கண்ணெதிரே அந்தக் கட்டையோடு நிற்பதற்குச் செத்துப்போகலாம் என்றிருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் எங்கள் வகுப்பில் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். ஒன்றுக்குப் போவதற்குக்கூட விரல்தான். கடைசிப் பீரியட் புது டீச்சருடையது. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு டெஸ்க்கில் சாய்ந்தேன்.

டீச்சர் ஓடி வந்தார். "என்னம்மா செய்யுது? வயிறு வலிக்குதா? இங்கிட்டு காத்தாட வந்து ஒக்காரு."

நான் எழுந்து, கட்டையைக் கழற்றி அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கிப் படித்தார்.

"அப்ப வலி இல்லையா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"நல்லது" என்றார், தமிழிலேயே. கட்டையைத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டு பாடத்தை விட்ட இடத்திலிருந்து நடத்தினார்.

திங்கட்கிழமை யாரும் சொல்லாமலே கொடிக்கம்பத்தடியில் போய்க் கட்டையோடு நின்றார். தாளாளர் கொடியையும் பார்க்கவில்லை, அவரையும் பார்க்கவில்லை. கேட்டுக்கு வெளியே அப்பா பைக்கில் சாய்ந்துகொண்டு சிரித்தார்.

அன்று வகுப்பு முடிந்ததும் டீச்சர் என்னைத் தனியே கூப்பிட்டார். அடி நிச்சயம் என்று கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

"ஏம்மா, எங்கிட்ட ஏன் குடுத்த?"

"நீங்க தமிழ் பேசுனீங்க மிஸ்."

"மேத்ஸ் மிஸ் பேசலையா?"

என் வாயைக் கிண்டி மேத்ஸ் மிஸ்ஸிடம் மாட்டிவிடப் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

"யோசிச்சுச் சொல்லு. அவசரமில்ல" என்றார்.

அரையாண்டு லீவு முடிந்து திரும்பியபோது கட்டை இருந்தது, அவர் இல்லை. கல்யாணம் என்றார்கள், வேறு வேலை என்றார்கள், தாளாளர் அனுப்பிவிட்டார் என்றும் பேச்சு. அம்மா எதையும் நம்பவில்லை.

"நான் அன்னைக்கே சொன்னேன்ல, அதுக்கு இங்கிலீஷ் வராதுன்னு. புள்ளைகளே கண்டுபுடிச்சிருச்சுக பாருங்க" என்று வேனுக்குக் காத்திருந்தவர்களிடம் சொன்னாள். திருடனைப் பிடித்துக் கொடுத்த மிதப்போடு நானும் தலையாட்டினேன். இன்று அதை நினைத்தால் உடம்பு கூசுகிறது.

மேத்ஸ் மிஸ் நல்ல சிவப்பு. தினமும் இடைவேளையில் எங்கள் வகுப்பு வாசலில் நின்றுதான் புதுக்கோட்டையில் இருந்த தன் அக்காவோடு போனில் பேசுவார். முழுக்க முழுக்கத் தமிழ். அவர் மாமியார் சமாச்சாரம் எங்களுக்குப் பாதிக்கு மேல் மனப்பாடம். அந்த வெள்ளிக்கிழமையும் கடைசிப் பீரியடுக்கு முன்னால் அங்கேதான் நின்று பேசிக்கொண்டிருந்தார். கழுத்தில் கட்டையோடு நான் அவரைத் தாண்டிப் போய்த் தண்ணீர் குடித்தேன். யாராவது ஒருவர் தமிழ் பேச மாட்டார்களா என்று சாமியை வேண்டிக்கொண்டே மறுபடியும் அவரைத் தாண்டி வகுப்புக்குள் வந்தேன்.