ஜன்னல் திட்டில் வைத்த இன்சுலின்

மூன்று வருடங்களுக்கு முன், பொங்கல் முடிந்த வாரம். மலைமேல், நடுவட்டத்தை ஒட்டிய ஒரு தேயிலை எஸ்டேட்டில் எங்கள் வீடு. அங்கே ஃபேக்டரியில், தேயிலையை உலர்த்தும் டிரையரைப் பார்க்கும் வேலை எனக்கு. என் மனைவிக்கு ஆறு வருடங்களாகச் சர்க்கரை நோய். தினமும் இரண்டு வேளை இன்சுலின் ஊசி போட்டாக வேண்டும்.

வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை. ஊரே ஃபிரிட்ஜாக இருக்கும்போது தனியாக ஒன்று எதற்கு என்று கேட்கிற ஆள் நான். இன்சுலின் பாட்டிலை ஒரு டப்பாவில் போட்டு, சமையலறை ஜன்னலுக்கு வெளியே இருக்கும் திட்டில் வைத்துவிடுவேன். அக்கம்பக்கத்தில் இந்த யோசனையைப் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன். அந்த வருடம் உறைபனி கொஞ்சம் கடுமை.

அந்த வாரம் மனைவிக்குத் தண்ணீர்த் தாகம் அடங்கவே இல்லை. நாலு எட்டு நடந்தால் தலைசுற்றல். எஸ்டேட் டிஸ்பென்சரியில் பார்த்தபோது சர்க்கரை முந்நூற்றைம்பதைத் தாண்டியிருந்தது. "ஒரு கரண்டி சர்க்கரைப் பொங்கல்தானுங்க சாப்ட்டேன்" என்றாள், அழாத குறையாக. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாயா என்று பிள்ளைகள் முன்னாலேயே கத்தினேன். டிஸ்பென்சரியில் டாக்டரிடம் போகச் சொல்லியிருந்தார்கள். லீவு போட வேண்டுமே என்று, மருந்தின் அளவை நானே கூட்டிவிடத் தீர்மானித்தேன்.

பழைய பாட்டில் தீரும் நேரம். பெயர் காட்டி வாங்க அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருந்த மருந்துக்கடைக்குப் போனேன். மருந்தாளுநர் முப்பது வயதுகூட ஆகாத பெண். புதுப் பாட்டிலை எடுத்துவந்தார். "திருட்டுத்தனமா இனிப்பத் தின்னு சர்க்கரைய ஏத்திக்கிட்டா. இனி பத்து யூனிட் சேர்த்துப் போடப்போறேன். இது எத்தன நாளைக்கு வரும்?" என்று கேட்டேன்.

பாட்டிலைத் திரும்பக் கொண்டுபோய் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டார்! யார் கூட்டச் சொன்னது என்று கேட்டார். பஸ் வருகிற நேரம் வேறு. கேட்டதைக் கொடும்மா என்று எரிந்து விழுந்தேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்? அவர் அசையவில்லை. "ஏனுங்கண்ணா, ஊட்டுல மருந்த எங்க வெப்பீங்க?" என்றார். என் ஜன்னல் யோசனையை அவரிடமும் பெருமையாகவே சொன்னேன்.

அவர் முகம் மாறிவிட்டது. பழைய பாட்டிலை வாங்கி, உள்ளங்கையில் உருட்டி, வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். பால் போல ஒரே சீராகக் கலங்க வேண்டிய மருந்து, துகள்துகளாகக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நின்றது. "பனியில உறைஞ்சிருக்குதுங்க. உறைஞ்சுட்டா அப்புறம் இது வேல செய்யாது. அக்கா மேல தப்பில்லீங்க. நல்ல மருந்துல பத்து யூனிட் சேர்த்துப் போட்டிருந்தீங்கன்னா, சர்க்கர ஒரேயடியா எறங்கி உசிருக்கே ஆபத்தாயிருக்குமுங்க."

என் மனைவியைப் பார்க்கும் டாக்டருக்கு அவரே போன் போட்டுப் பேசினார். பழைய அளவுதான் போட வேண்டும், அன்றைக்கே அவளை அழைத்து வர வேண்டும் என்று டாக்டர் சொன்னார். பஸ் போயே போய்விட்டது.

அவர் பேசிக்கொண்டிருந்தபோது, ஃபிரிட்ஜின் பக்கத்தில் தொங்கிய நோட்டைப் பார்த்தேன். காலை, மாலை என்று வெப்பநிலை எழுதி, பக்கத்தில் கையெழுத்து. ஒரு நாளில் மட்டும் சிவப்பு மையில், 'இரவெல்லாம் கரண்ட் இல்லை. மருந்தின் மேல் சந்தேகம். விற்கக் கூடாது' என்றிருந்தது. விற்றிருந்தால் யாருக்குத் தெரியும்? நானும் மணிக்கொரு தரம் டிரையரின் வெப்பநிலையை எழுதுகிறவன்தான். வெப்பமானியின் முள்ளைப் பார்க்காமலே மூன்று மணி நேரத்துக்குச் சேர்த்து எழுதிய நாட்கள் எனக்கு உண்டு. வெட்கமாகப் போய்விட்டது.

டாக்டரிடம் காட்டி, புது மருந்து போட்டு, நாலைந்து நாளில் மனைவி தேறிவிட்டாள். பிள்ளைகள் முன்னால் கத்தினேன் அல்லவா, அதே பிள்ளைகள் முன்னால் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "ஒரு கரண்டின்னு அப்பவே சொன்னேனில்லீங்க" என்றாள். அவ்வளவுதான். மருந்து இப்போது வீட்டுக்குள், அடுப்பின் சூடு படாத அலமாரியில் இருக்கிறது.

இன்றும் டிரையர் முன்னால் பேனாவைத் திறக்கும்போது அந்தச் சிவப்பு மை வரி ஞாபகத்துக்கு வருகிறது. முள்ளைப் பார்க்காமல் ஒரு எண்ணைக்கூட என் கை எழுதுவதில்லை.