லில் சுபா பாடி முடித்த ஒரே பாட்டு

சுபாஸ்கரன் போன மாசியில் நெஞ்சுவலியில் இறந்தபோது, முப்பத்தோராம் நாளுக்கு அச்சிட்ட நினைவு மலரில் அவரை ‘இசை ரசிகர்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அவர் ரசிகர் அல்லர். அவர் லில் சுபா. அமெரிக்கத் தென்மாநிலங்களின் ராப்பை யாழ்ப்பாணத் தமிழில் பாடிய கலைஞர். தெற்கு லண்டனில் அவர் குடியிருந்த மிச்சம் என்ற ஊரில் அப்படி இன்னொருவர் இருந்ததாகத் தெரியவில்லை. ஒருவரே தாராளம் என்று அயலவர்கள் நினைத்திருக்கலாம்.

லண்டனுக்கு வருமுன் ஜெர்மனியில், அமெரிக்கப் படைமுகாம் ஒன்றுக்குப் பக்கத்து ஊரில் வளர்ந்தார். அங்கே கூடைப்பந்து விளையாட வந்த ஹூஸ்டன் சிப்பாய் ஒருவன் தன் காரில் ஒரு கசெட் போட்டான். பாட்டு இழுபட்டுப் போன வேகத்தைக் கேட்டு, பற்றரி இறங்கிவிட்டது என்று நினைத்தார் சுபாஸ்கரன். இல்லை, எங்கள் ஊரில் இதுதான் வேகம், அங்கே வெயில் அதிகம் என்றான் சிப்பாய். எதற்கும் அவசரப்படப் பிடிக்காத சுபாஸ்கரனுக்கு, தன்னைப் போன்றவர்களுக்கென்றே உலகத்தில் ஒரு இசை இருப்பது அன்றுதான் தெரிந்தது.

பெயருக்கு முன்னால் ‘லில்’ போடுவது அந்தப் பாடகர்களின் வழக்கம். சின்னவன் என்று பொருள். சுபாஸ்கரன் மருந்துக்கும் சின்னவர் அல்லர். மளிகைச் சாமான் ஏற்றும் தன் வான் வண்டியில் அவர் ஏறினால் வான் அவர் பக்கம் சரியும்.

“வேற பேர் கிடைக்கேல்லையோ?” என்று மனைவி சிவகௌரி கேட்டாள்.

“பேரிலயாவது மெலிவா இருந்திட்டுப் போறன்,” என்றார்.

பாட்டு ஒன்றுதான். வருடக்கணக்காக அதையே திருத்திக்கொண்டிருந்தார். அவசரமே இல்லாமல், ஆறுதலாக, வண்டி ஓட்டுகிறவனின் பாட்டு. அதில் திரும்பத் திரும்ப வருவது இது:

“றோட்டில போறன், ஆறுதலாப் போறன்,
பின்னால ஹோர்ன் அடி, இன்னும் ஆறுதலாப் போறன்.”

ஆசையும் ஒன்றுதான். அந்தப் பாட்டைத் தன் சனத்துக்கு முன்னால் முதலிலிருந்து கடைசிவரை ஒரு தடவை பாடி முடிக்க வேண்டும். அதுதான் நடக்கவில்லை. பக்கத்து மோர்டனில் நடந்த பொங்கல் விழாவில் இரண்டாவது வரியிலேயே மைக்கை வாங்கி, வழியை மறித்து நிற்கும் வெள்ளைக் காரின் இலக்கத்தை வாசித்தார்கள். வெள்ளைக் கார் வைத்திருந்த எல்லாரும் எழுந்து போனார்கள். வைத்திராதவர்கள் வேடிக்கை பார்க்கப் போனார்கள். கிழக்கு லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் நடந்த ஒரு கல்யாணத்தில் ஒலியமைப்பு செய்த கௌசிகன், பாட்டு இழுபடுவதைக் கேட்டு, தன் கருவியில்தான் ஏதோ பிழை என்று பயந்து வேகத்தைக் கூட்டினான். தாளம் ஓட, சுபாஸ்கரனும் கூட ஓட, கடைசியில் மாப்பிள்ளையின் கதிரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

“அண்ணை, இப்ப நல்லா வேலை செய்யுது,” என்று கௌசிகன் பெருவிரலைக் காட்டினான்.

மற்ற இடங்களில் எல்லாம் சாப்பாட்டுச் சட்டிகளின் மூடி திறக்கிற சத்தம் போதும். மண்டபத்தில் முதுகுகள்தான் தெரியும்.

பிறகு சிவகௌரியின் தங்கை கலாவதி, தன் மகள் ஜதுர்ஷிகா பெரியபிள்ளையானதைக் கொண்டாடும் சாமத்திய வீட்டை மிச்சத்தில் ஒரு ஹோலில் வைத்தாள். சுபாஸ்கரன் வாய்ப்புக் கேட்டுப் போனார்.

“அத்தான், பிள்ளையைப் பல்லக்கில கொண்டு வாற சனம் இருக்கு, ஹெலிகொப்டரில இறக்கிற சனமும் இருக்கு. ஒருத்தரும் உங்கட பாட்டை மட்டும் வைக்கேல்ல. ஏனெண்டு யோசியுங்கோ.”

“பாடட்டும் அம்மா,” என்றாள் ஜதுர்ஷிகா. “என்ர பிரெண்ட்ஸ் சிரிப்பினம்.”

சிரிப்பும் ஒரு வரவேற்புத்தான் என்று சுபாஸ்கரன் எடுத்துக்கொண்டார். பிள்ளைக்கு ஆலாத்தி எடுத்து முடிந்து, சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு பாட்டு என்று பேச்சு.

கௌசிகனை இனி நம்புவதில்லை என்று அன்று சொந்த ஸ்பீக்கரையே கொண்டுவந்தார். அது ஒரு சின்ன அலுமாரி அளவு. பக்கக் கேற்றில் வானை நிறுத்தி இறக்கினார். இறக்கிய சந்தோசத்தில் வானை மறந்து மேடைக்குப் போய்விட்டார்.

பாடத் தொடங்கினார். பழக்கத்தில் கண் சாப்பாட்டு மேசைக்குப் போனது. அங்கே வெறும் மேசைவிரிப்புத்தான். முதல் பகுதி முடிந்தது. ஒருவரும் எழும்பவில்லை. இரண்டாம் பகுதியும் போனது. இவ்வளவு தூரம் அவர் முன்பு வந்ததே இல்லை.

அப்போது ஜதுர்ஷிகாவின் தகப்பன் ஞானேஸ்வரன் மேடையேறிக் காதுக்குள் சொன்னார்.

“அண்ணை, கேற்றில நிக்கிறது உங்கட வான். சாப்பாட்டு வான் உள்ள வரேலாமல் நிக்குது.”

சுபாஸ்கரன் தாளத்தை விடாமல் தலையாட்டினார்.

“வான் திறப்பைத் தாங்கோ,” என்று ஞானேஸ்வரன் சாவிக்குக் கை நீட்டினார்.

“கடைசிப் பகுதி இருக்கு.”

“சனம் பசியில கிடக்குது அண்ணை.”

“தெரியும். அதாலதான் இருக்கினம்.”

இதெல்லாம் மைக்கில் கேட்டது. பின்வரிசையிலிருந்து ஒருவர், “அப்ப கெதியாப் பாடும் ஐசே,” என்று அவசரப்படுத்தினார்.

“இது கெதியாப் பாடுற பாட்டில்லை,” என்று சுபாஸ்கரன் மிகுந்த மரியாதையோடு விளக்கி, விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். வேறு வழி இல்லாததால் சனம் கேட்டது. சாப்பாட்டு வான்காரன் வெளியே ஹோர்ன் அடித்தான். ஜதுர்ஷிகாவின் சிநேகிதிகள், “இன்னும் ஆறுதலாப் போறன்,” என்று பதில் பாடினார்கள். அதன்பின் அவன் அடித்த ஒவ்வொரு தடவையும் ஹோல் முழுவதும் பாடியது. கலாவதிகூட வாயசைத்ததைக் கண்டவர்கள் உண்டு. அவள் இன்றுவரை மறுக்கிறாள்.

கடைசி வரி வந்தது. பாடினார். முடிந்தது.

அதற்குப் பிறகு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. ஒரு நாளும் அந்த இடத்துக்கு வந்து பழக்கம் இல்லை. கும்பிடுவதா, நன்றி சொல்வதா என்று ஒத்திகை பார்த்ததும் இல்லை. இரண்டு கையையும் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். சிவகௌரி மேடைக்கு வந்து அவருடைய பொக்கெற்றுக்குள் கைவிட்டுத் திறப்பை எடுத்து ஞானேஸ்வரனிடம் எறிந்தாள்.

“இஞ்சேருங்கோ, கீழ வாங்கோ. எல்லாரும் சாப்பிடப் போகினம்.”

“நீர் போம், கௌரி. நான் கொஞ்சம் நிண்டிட்டு வாறன்.”

அவள் போகவில்லை. சேலைத் தலைப்பால் அவருடைய நெற்றியைத் துடைத்துவிட்டு, அவளும் பக்கத்தில் நின்றாள்.