றெஜினாவின் போத்தலில் என் சீட்டு

றெஜினா இறந்துவிட்டாள் என்று அவளுடைய மகள் தொலைபேசியில் சொன்னபோது, நான் ரெனான் நிலையத்தில் ரயிலுக்காக நின்றிருந்தேன். அழுகை வரவில்லை. என்னைவிட இரண்டு வயது இளையவள், இதிலும் முந்திவிட்டாளே என்றுதான் முதலில் தோன்றியது. இனி மறைத்து என்ன? பதினொரு வருடம் அவளோடு ஒரே மேசையில் இருந்தேன். பதினொரு வருடமும் பொறாமைப்பட்டேன்.

எங்கள் அருங்காட்சியகத்தின் நிலவறையில், அமெரிக்கப் புல்வெளி ஓடைகளில் பிடித்த நன்னீர்ச் சிங்கி இறால்கள் கெடாமலிருக்க மதுசாரம் நிறைத்த போத்தல்களில் கிடக்கின்றன. எந்த ஓடை, யார் பிடித்தது, என்ன இனம், இனம் கண்டவர் யார் என்று உள்ளேயிருக்கும் சீட்டுகளைப் பார்த்துக் கணினியில் பதிவதே எங்கள் வேலை. நான் விலங்கியல் பட்டதாரி. அவள் மன்னாரிலிருந்து சுவிஸுக்கு வந்து, லா ஷோ-து-ஃபோனில் கைக்கடிகாரத் தொழிற்சாலையில் நுண்ணிய பாகங்களை இடுக்கி எடுக்கச் சாமணம் பிடித்தவள். அதே சாமணத்தோடுதான் இங்கேயும் வந்தாள். அந்தக் கை நடுங்கி நான் பார்த்ததில்லை. பொறுப்பாளருக்கும் எதற்கெடுத்தாலும் றெஜினாதான்.

ஒருநாள், நான் இனம் கண்டு என் பெயரெழுதிச் சீட்டுப் போட்டிருந்த போத்தலொன்றை அவள் திறந்தாள். இனத்துக்கு இனம் வடிவம் மாறுகிற, ஆண் இறாலின் வயிற்றடிச் சிறுகால் நுனியை உருப்பெருக்கியில் வெகுநேரம் பார்த்தாள்.

“அக்கா, குறை நினையாதேங்கோ. இது நீங்கள் எழுதின இனமில்லைப் போல கிடக்கு.”

“நீர் இதை எங்க படிச்சனீர்?”

“படிக்கேல்லை அக்கா. பாத்தனான்.”

அந்த நுனியின் படம் அமெரிக்க நிபுணர்களுக்குப் போனது. அவள் சொன்னதே சரி என்று பதில் வந்தது. கடிதத்தில் அவளை டொக்டர் என்று வேறு எழுதியிருந்தார்கள்.

அவள் பெயரோடு புதுச் சீட்டு உள்ளே போனது. பழையதை எடுத்துவிடச் சொன்னேன். “எடுக்கக்கூடாதெல்லோ அக்கா. பிழையெண்டாலும் அதுவும் கிடக்கவேணும்” என்றாள். விதி அதுதான், அதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான். ஆனாலும் அவள் சாப்பிடப் போன நேரம் என் சீட்டை எடுத்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். ஆறு வருடம் அது அங்கேயே கிடந்தது. அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கவனிக்கவில்லை என்று நம்பியிருந்தேன்.

அடக்கம் முடிந்த மறுநாள் அவளுடைய பதிவுகளை என் பொறுப்பில் தந்தார்கள். முதலில் அந்தப் போத்தலின் பதிவைத்தான் திறந்தேன். குறிப்புக் கட்டத்தில், நான் களவெடுத்த அதே நாளின் திகதியோடு பிரெஞ்சில் எழுதியிருந்தாள்: ‘முதல் சீட்டு இரவலில். திரும்பி வரும்.’ யாரிடம் என்ற கட்டத்தை வெறுமையாக விட்டிருந்தாள்.

எனக்கு முதலில் வந்தது கோபம். தெரிந்தும் என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருக்க அவளால் முடிந்ததே, என்னால் முடியவில்லையே என்ற பழைய எரிச்சல். பிறகுதான் அழுதேன்.

என் சீட்டை அவளுடைய சாமணத்தால் பிடித்து, அவளுடைய சீட்டுக்குப் பக்கத்தில் போட்டேன். வெறுமையாகக் கிடந்த கட்டத்தில் என் பெயரைப் பதிந்தேன். அவள் குறிப்பை அழிக்கவில்லை. அதன் கீழே ‘திரும்பி வந்தது’ என்று சேர்த்தேன். அவளுடையது என்று நான் எனக்காக வைத்துக்கொண்டது அந்தச் சாமணம் ஒன்றைத்தான். அதை ஒருவருக்கும் இரவல் கொடுக்கமாட்டேன்.