உப்பளத்தில் ஒரு அதிர்வேட்டு

புதுச்சேரியில், உப்பளம் பகுதியில் பேருந்துக்காகக் காத்திருக்கிறேன். டீக்கடை பெஞ்சில் என் பக்கத்தில் நரைத்த மீசைக்காரர் ஒருவர். மாதா கோயிலில் இன்று கொடியேற்றம் என்பது எனக்குத் தெரியாது. திடீரென அதிர்வேட்டு வெடிக்கிறது. அடுத்த நொடி நான் தரையில் கிடக்கிறேன், என்மேல் அவர் கவிழ்ந்து கிடக்கிறார். முழங்கை எரிகிறது, சட்டையெல்லாம் டீ. திட்ட வாயைத் திறக்கிறேன். அவர் உடம்பு நடுங்குவது தெரிந்ததும் மூடிக்கொள்கிறேன்.

கடையில் யாரும் சிரிக்கவில்லை. "பிரெஞ்சு பட்டாளத்துல இருந்தவரு சார்," என்றபடி கடைக்காரர் இரண்டு புது டீ வைக்கிறார்.

"பர்தோன் சார், மன்னிச்சுக்குங்க. சத்தம் கேட்டா ஒடம்பு என் பேச்ச கேக்க மாட்டுது," என்கிறார் மீசைக்காரர்.

"பயந்தா ஓடத்தானே தோணும்? என்னை எதுக்கு மூடுனீங்க?"

"சண்டையில என்னை ஒருத்தன் இப்டித்தான் மூடுனான். அவன் பேருகூட தெரியாது. நான் எழுந்துட்டேன். அவன் எழுந்திரிக்கல."

போர் என்றால் மிருகத்தனம் மட்டுமே என்று பேசி வந்தவன் நான். அந்தப் பெயர் தெரியாதவனுக்கும் சேர்த்து நன்றி சொல்ல நினைத்து, ஒரு டீயை அவர் பக்கம் நகர்த்துகிறேன். என் பேருந்து வந்து போகிறது. இரண்டாவது வேட்டு வெடிக்கும்போது, என் கை தானாகப் போய் அவர் தலையை மூடுகிறது.